வாட்டர்ஷெட்: எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச்சொல்?

வாட்டர்ஷெட் (watershed) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுத வேண்டி வந்தால், அகராதியைத் திறப்பதற்கு முன்னால் மழை நேரத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டு முற்றத்தின் ஓரம் போய் நில்லுங்கள். கூரை முகட்டில் விழும் மழை இரண்டாகப் பிரிந்து பாதி தெருப்பக்கம் போகும், பாதி ஓட்டுச் சரிவில் இறங்கி முற்றத்தில் கொட்டும். அந்த முகடுதான் பிரிட்டிஷ்காரர்கள் சொல்லும் வாட்டர்ஷெட். முற்றத்துக்குத் தண்ணீர் தருகிற சரிவு முழுவதும் அமெரிக்கர்கள் சொல்லும் வாட்டர்ஷெட். ஒன்று கோடு, மற்றது பரப்பு.

ஆங்கிலத்தில் எழுதியவர் இதில் எதைச் சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். வாட்டர்ஷெட்டைத் தாண்டி என்று வந்தால் அது கோடு, நீர்ப்பிரிமேடு என்று எழுதலாம். தலையில் எடுக்கும் வகிடு மாதிரிதான். (ஷெட் என்றதும் கொட்டகையை நினைக்க வேண்டாம், இங்கே அதற்குப் பிரித்தல் என்ற பழைய பொருள்.) இத்தனை ஹெக்டேர் வாட்டர்ஷெட் என்று வந்தால் பரப்பு: வேளாண் துறையின் சொல் நீர்வடிப்பகுதி, பொதுவாக நீர்ப்பிடிப்புப் பகுதி என்போம். உங்கள் ஊர்க் கண்மாய்க்கு அதைக் கண்டுபிடிக்க, வரத்துக்காலை, அதாவது தண்ணீர் வரும் வாய்க்காலைப் பிடித்து மேலே நடந்துகொண்டே போங்கள், எந்த மேட்டுக்கு அப்பால் மழைத்தண்ணீர் அடுத்த கண்மாய்ப் பக்கம் ஓடுகிறதோ அதுவரை உங்கள் கண்மாயுடையது. அதற்குள் மனை போட்டு வரத்துக்காலை மூடிவிட்டு, அப்புறம் கண்மாயை எவ்வளவு தூர்வாரினாலும் தண்ணீர் எங்கிருந்து வரும்? பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சரி, அடுத்தது காலம். வரலாற்றுக் கட்டுரையில் வந்தால் பெரும்பாலும் திருப்புமுனைதான். முல்லைப் பெரியாறு அணையில் இரண்டு பொருளும் சேர்ந்தே வரும்: மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பினார்கள், அதாவது தண்ணீர் நீர்ப்பிரிமேட்டைக் கடந்தது. அணை திறந்த 1895, மதுரைப் பக்கத்து விவசாயத்துக்கு ஒரு திருப்புமுனை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வாட்டர்ஷெட் என்றே எழுதலாம், தமிழில் ஒரே சொல்லைப் போட்டால் வாக்கியம் கெட்டுவிடும்.

பிரிட்டன் தொலைக்காட்சி பற்றிய செய்தி என்றால் இவை எதுவுமே பொருந்தாது. குழந்தைகளுக்கு ஆகாத நிகழ்ச்சிகளை இரவு 9 மணிக்கு முன் காட்டக் கூடாது என்பது அங்கே விதி, அந்த நேரத்துக்குத்தான் வாட்டர்ஷெட் என்று பெயர். இரவு 9 மணி வரம்பு என்று எழுதுங்கள், போதும்.