லேபிளை நம்பி வாங்காதீர்கள்: பழைய ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெகே சிங்கிள்கள் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராக், ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேகரித்துப் பழகியவர்கள் ஸ்கா, அதன்பின் ராக்ஸ்டெடி, பிறகு ரெகே என்று வளர்ந்த ஜமைக்கா இசைக்கு வரும்போது பழைய அளவுகோலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். தட்டின் நடுவே ஒட்டிய லேபிளில் பாடகர் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, தட்டு பளபளக்கிறது. ஆகவே இது முதல் பதிப்பு, நல்ல நிலையில் இருக்கிறது என்று முடிவு கட்டிப் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். 1960களில் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் அச்சான, பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட ஏழு அங்குலத் தட்டுக்கு (சிங்கிள்) இந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தாது.

காரணம், அந்தத் தட்டுகள் பிறந்த விதம். கிளெமென்ட் 'காக்ஸன்' டாட், டியூக் ரீட், பிரின்ஸ் பஸ்டர் ஆகியோர் இசைத்தட்டுத் தயாரிப்பாளர்கள் ஆவதற்கு முன்பே சவுண்ட் சிஸ்டம் நடத்தியவர்கள். பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கிவைத்து, திறந்தவெளியில் பாட்டுப் போட்டு, ஆட வரும் கூட்டத்திடம் கட்டணம் வாங்குவது அந்தத் தொழில். பக்கத்துத் தெருப் போட்டியாளரிடம் இல்லாத பாட்டு தன்னிடம் இருக்க வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. 1950களில் அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் தட்டுகளைத் தேடி வாங்கி, யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று லேபிளைச் சுரண்டிவிட்டுத்தான் போடுவார்கள். டாட் தன் அடையாளப் பாட்டாக வைத்திருந்த 'காக்ஸன் ஹாப்' உண்மையில் வில்லிஸ் ஜாக்சன் என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞரின் பதிவு. அதன் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்த டியூக் ரீட் ஒருநாள் தன் மேடையில் அதையே ஒலிக்கவிட்டபோது டாட் மயங்கிச் சரிந்தார் என்பது கிங்ஸ்டனில் இன்றும் சொல்லப்படும் கதை. பெயரை மறைப்பதே தொழில் நுணுக்கமாக இருந்த ஊரில், அச்சடித்த பெயரை வேதவாக்காக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

உள்ளூர்ப் பாடல்களைப் பதிவு செய்து விற்கத் தொடங்கிய பிறகும் நிலைமை அதிகம் மாறவில்லை. ஒரு பாட்டு எடுபடுமா என்று பார்க்க முதலில் சில நூறு பிரதிகள் மட்டும் அச்சடிப்பார்கள். லேபிள் தயாராக இல்லையென்றால் வெற்று லேபிள் ஒட்டுவார்கள். கையில் இருக்கும் வேறொரு பாட்டின் லேபிளையே ஒட்டியதும் உண்டு. பெயரை ரப்பர் முத்திரையால் குத்துவார்கள், பேனாவால் எழுதுவார்கள். ஆகவே வெற்று லேபிளைப் பார்த்ததும் கள்ளப்பதிப்பு என்று ஒதுக்குவதும் தவறு. அழகாக அச்சிட்ட லேபிளைக் கண்டு நெகிழ்ந்துபோவதும் தவறு. பாப் மார்லியின் தொடக்கக் காலப் பாடல் ஒன்று 1962இல் 'பாபி மார்டெல்' என்ற பெயரில்தான் வெளியானது. லண்டனின் புளூ பீட், ஐலண்ட் போன்ற நிறுவனங்கள் ஜமைக்காப் பதிவுகளை வாங்கி வெளியிட்டபோது குழப்பம் இன்னும் கூடியது. இரு பக்கங்களிலும் வெவ்வேறு கலைஞர்கள் இருக்க, ஒருவரின் பெயரே இரண்டுக்கும் போய்விடும். இசைக்குழுவின் கருவியிசைக்குப் பாடகரின் பெயர் விழுந்துவிடும். கேட்காமல் நம்பாதீர்கள்.

லேபிளை விட நம்பகமானது, பாட்டு முடியும் இடத்திற்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்துகள். ஃபெடரல் ஆலையில் அச்சானவற்றில் பெரும்பாலும் 'எஃப்' என்று தொடங்கித் தயாரிப்பாளரின் பெயரெழுத்துகள் தொடரும். எஃப்.எல்.கே என்றால் பெவர்லீஸ் நிறுவனத்தின் லெஸ்லி காங். வெஸ்ட் இண்டீஸ் ரெக்கார்ட்ஸ் ஆலையின் தட்டுகளில் அந்த நிறுவனத்தின் சுருக்கப்பெயர் இருக்கும். அதை வாங்கிய பைரன் லீ 1969இல் டைனமிக் சவுண்ட்ஸ் என்று பெயர் மாற்றினார். விற்பவரிடம் லேபிளின் படத்தோடு இந்த வளையத்தின் படத்தையும் கேளுங்கள். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

இந்தப் பாடத்தை அரைகுறையாகக் கற்றவர்கள் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. வளையத்து எழுத்து எந்தப் பதிவு என்பதைச் சொல்லும். எப்போது அச்சானது என்பதைச் சொல்லாது. டாட் தன் ஸ்டுடியோ ஒன் பாடல்களைப் பழைய அச்சுகளைக் கொண்டே பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வெளியிட்டார். 1966இன் தட்டிலும் எழுபதுகளின் இறுதியில் வந்த தட்டிலும் ஒரே எண் இருக்கலாம். ஸ்டுடியோ ஒன் இருந்த பிரென்ட்ஃபோர்டு சாலையின் முகவரி லேபிளில் இருப்பதும் காலத்தை உறுதிசெய்யாது. ஜமைக்கா லேபிள்களில் ஆண்டு அச்சிடுவதே அரிது என்பதால், காலத்தைக் கணிக்க லேபிளின் வடிவம், நிறம், காகிதம், எழுத்துரு, தட்டின் கனம், விளிம்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். "1964 அசல்" என்று பட்டியலில் எழுதியிருந்தால், எதை வைத்து அந்த ஆண்டைச் சொல்கிறார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

மறுபதிப்பு என்றாலே முகம் சுளிப்பவர்கள்மீது எனக்கு அனுதாபம் இல்லை. கேட்பதுதான் நோக்கம் என்றால், மூல நாடாவிலிருந்து முறையாக உரிமம் பெற்று ஜப்பானிலும் இங்கிலாந்திலும் வெளியான மறுபதிப்பு, தேய்ந்த அசலை விடப் பல மடங்கு மேல். மறுபதிப்பை அசல் விலைக்கு வாங்குவதும், உரிமை இல்லாமல் அச்சிட்டதை ஊக்குவிப்பதும்தான் பிரச்சினை. புத்தம்புதிதாகப் பளபளக்கும் தட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல், பாட்டுக்குள்ளே மட்டும் பழைய தட்டின் கரகரப்பு கேட்கிறதா? அது இன்னொரு தட்டிலிருந்து நகலெடுத்தது. மூல நாடா தொலைந்ததால் முறையான வெளியீட்டாளர்களும் அப்படிச் செய்வதுண்டு. அதனால் நகல் என்பது மட்டும் குற்றத்துக்குச் சான்றாகாது. ஆனால் அது அசல் அல்ல என்பது உறுதி.

நிலையை மதிப்பிடுவதில்தான் அதிகப் பணம் போகிறது. கண்ணால் பார்த்துக் கொடுக்கும் தரக்குறி இங்கே பாதிப் பொய். மறுசுழற்சி செய்த வினைல், அவசர அச்சு ஆகியவற்றால் பல ஜமைக்கா சிங்கிள்கள் கடையில் வாங்கிய நாளன்றே இரைந்தவை. கண்ணுக்குக் குறையே தெரியாத தட்டு, அடுப்பில் கடுகு வெடிப்பதுபோல் பொரியலாம். மாறாக, மேலோட்டமான கீறல்களால் சாம்பல் பூத்த தட்டு ஊசியை வைத்ததும் பேஸ் கிட்டார் அறையை நிரப்ப, கம்பீரமாக ஒலிக்கலாம். ஒலித்துப் பார்த்துத் தரம் சொல்பவரிடம் வாங்குங்கள். ஒலித்துணுக்கு கேட்டால் தொடக்கத்தை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். கடைசி அரை நிமிடமும் வேண்டும். லேபிளை நெருங்கும் உட்புறத் தடங்களில்தான் தேய்மானம் வெளிப்படும்; ஸ்கா பாடல்களில் ஊதுகருவிகள் ஒருசேர உயரும் இடத்தில் ஒலி கிழிந்து கேட்டால் அது அழுக்கல்ல, கழுவிப் போகாது. நடுத்துளை தள்ளிப்போயிருக்கும் தட்டும் அப்படித்தான்: சுருதி ஏறி இறங்கும், சரிசெய்ய எளிய வழி இல்லை. பெரிய நடுத்துளையைக் கண்டு யாரோ வெட்டிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். ஜமைக்காத் தட்டுக்கு அதுவே இயல்பு.

மறுபக்கத்தைப் புறக்கணிப்பது இன்னொரு தவறு. ஸ்கா காலத்தில் அங்கே முற்றிலும் வேறொரு குழுவின் அருமையான கருவியிசை ஒளிந்திருக்கும். அறுபதுகளின் இறுதியில் கதை மாறியது. பாரகன்ஸ் குழுவின் பாட்டு ஒன்றைச் சோதனைத் தட்டில் பதியும்போது குரல் தவறுதலாக விடுபட்டது. சவுண்ட் சிஸ்டம் நடத்திய ரூடி ரெட்வுட் அதைப் போட்டபோது கூட்டமே பாடியது என்பார்கள். அதன்பின் குரல் இல்லாத 'வெர்ஷன்' மறுபக்கத்தில் வழக்கமாயிற்று. குரலைக் குறைத்துத் தாளத்தையும் எதிரொலியையும் முன்னிறுத்தும் டப் இசை வளர்ந்தது அந்தப் பக்கத்தில்தான்.

சுத்தம் செய்வதில் ஒரே எச்சரிக்கை: வினைலுக்கு ஏற்ற ஆல்கஹால் கலவையை எல்லாத் தட்டுக்கும் போடாதீர்கள். பழைய 78 வேக ஷெல்லாக் தட்டை அது கரைத்துவிடும். சவுண்ட் சிஸ்டத்துக்கென வெட்டிய, அலுமினியத்தின்மேல் மெழுகுபோல் பூச்சுள்ள டப்பிளேட்டுகள் அதைவிட மென்மையானவை. ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் தேயும். அவற்றை ஒருமுறை நன்றாகப் பதிவு செய்து எடுத்துவைப்பதே நல்லது. லேபிளில் பேனாவால் எழுதியிருப்பதை, முத்திரையை அழிக்கவே கூடாது. எந்த சவுண்ட் சிஸ்டத்தின் பெட்டியில் இருந்தது என்பதற்கு அது மட்டுமே சாட்சியாக இருக்கலாம்.

தபாலில் அனுப்பும்போது தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உறைக்குப் பின்னால் வைத்து, இருபுறமும் கெட்டி அட்டை கொடுங்கள். பி.வி.சி. உறைகளில் நீண்டகாலம் வைத்தால் அவற்றிலிருந்து கசியும் பொருள் தட்டின்மேல் படிந்து இரைச்சலாக மாறும், பாலிதீன் போதும்.

கணினியில் பதிவு செய்து பகிர்பவர்கள் இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டிவிடுகிறார்கள். கரகரப்போடு சேர்ந்து கிட்டாரின் வெட்டுத் தாளமும் சிம்பலின் நுனியும் போய்விடும். மிஞ்சுவது தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோன்ற ஒலி. திருத்தாத பதிவு ஒன்றைத் தனியே வைத்திருங்கள். உரிமையையும் மறக்க வேண்டாம். பழைய பாட்டு என்பதால் பொதுச்சொத்து ஆகிவிடாது: ஒலிப்பதிவுகளுக்கு பிரிட்டனில் (1963 முதல் வெளியானவற்றுக்கு) வெளியீட்டிலிருந்து 70 ஆண்டுகள், ஜமைக்காவில் 2015இன் திருத்தத்துக்குப் பிறகு 95 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. ஒருமுறை கூலி வாங்கியதோடு சரி என்று போன பாடகர்கள் இந்த இசையில் ஏராளம். முறையாக விற்பனையில் இருக்கும் பாட்டை முழுதாகப் பதிவேற்றுவதற்குப் பதில் ஒரு துணுக்கையும், இருபக்க லேபிள் படங்களையும், வளையத்து எழுத்துகளையும் பகிர்ந்தால் சக சேகரிப்பாளர்களுக்குப் போதுமானது.

பாடியவர் யாரென்று தெரியாத தட்டைப் பற்றி எழுதும்போது, லேபிளில் இருப்பதைத் தனியாகவும், காதுக்குப் படுவதைத் தனியாகவும் குறிப்பிடுங்கள். ஊகம் என்றால் ஊகம் என்றே சொல்லிவிடுங்கள். யாரோ ஒருவர் ஊகித்து எழுதிய பெயர் விற்பனைப் பட்டியல்களுக்குப் போய், அங்கிருந்து மறுபதிப்பின் லேபிளிலேயே அச்சாகிவிட்டால், அதைத் திருத்துவது பெரும்பாடு.