கல்லை நடுவில் விடாதீர்கள்

போன மாதம் கிருஷ்ணகிரிப் பக்கம், நண்பருக்குச் சொந்தமான கரட்டில் நான்கு 4x4 வண்டிகள் ஏறின. அவற்றில் மூன்று, வாங்கி ஆறு மாதம்கூட ஆகாதவை. முன்சக்கரங்களுக்கு இண்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் (இடதும் வலதும் தனித்தனியே மேலும் கீழும் அசையும் அமைப்பு) உள்ள வண்டி கல்லில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது வந்தவர்களின் ஆசை. நான் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி வேடிக்கை பார்த்தேன். பத்து நிமிடத்தில் தேநீர் கசந்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த கோளாறுகளை எல்லாம், யாரோ எழுதிக்கொடுத்தது போல, ஒன்று விடாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

சீட் பெல்ட் போடுங்கள், லோ ரேஞ்ச் கியருக்கு மாறுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது வண்டியோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது.

காற்றைக் குறைக்காமல் தீர்ப்புச் சொல்வது

தார்ச்சாலைக்கு வைத்த 32 psi காற்றோடு கல்லில் ஏறிவிட்டு, "சஸ்பென்ஷன் தூக்கித் தூக்கிப் போடுகிறது" என்கிறார்கள். தூக்கிப்போடுவது டயர். 20 வரை இறக்கிவிட்டு மறுபடி ஏறிப் பாருங்கள், அது வேறு வண்டியாக இருக்கும். திரும்பும்போது ஏற்றிக்கொள்ளக் கையில் ஒரு பம்ப் வேண்டும்.

அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தைக் கண்டு பதறுவது

மாருதி ஜிம்னியில் முன்னும் பின்னும், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே துண்டு ஆக்ஸில். ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினால், தராசுத் தட்டு போல மறுபக்கம் கீழே அழுந்துகிறது. 2020இல் வந்த மஹிந்திரா தாரில் பின்னால்தான் அந்த ஏற்பாடு. முன்னால் இரட்டை விஷ்போன் என்ற இண்டிபென்டன்ட் வகை. அதாவது இடது சக்கரத்தின் பாடு இடதுக்கு, வலது சக்கரத்தின் பாடு வலதுக்கு. இடது மேலே போனால் வலது கீழே இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போதாததற்கு, வளைவில் வண்டி சாயாமலிருக்க இரண்டையும் இணைத்து வைத்திருக்கும் ஸ்டெபிலைசர் கம்பி, இடது ஏறும்போது வலதையும் சேர்த்து மேலே இழுக்கப் பார்க்கும். ஆகவே சக்கரம் அந்தரத்தில் நிற்பது இந்த அமைப்பின் சுபாவம், பழுது இல்லை.

பார்க்க வேண்டியது வண்டி நகர்கிறதா என்பதைத்தான். சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு விசையை அனுப்பும் மின்னணு ஏற்பாடு இப்போது பல வண்டிகளில் இருக்கிறது. அது வேலையைத் தொடங்க ஒன்றிரண்டு நொடி பிடிக்கும். புதியவர்கள் சக்கரம் சுழலும் சத்தம் கேட்டதுமே காலை எடுத்துவிடுகிறார்கள். ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு பொறுங்கள்.

கல்லை இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் விடுவது

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. 68,000 ரூபாய் கொடுத்துக் கற்ற பாடம்.

முன்னால் ஒரு பழைய ஜீப் போனது. லீஃப் ஸ்பிரிங், ஒரே துண்டு ஆக்ஸில். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகுமே, அந்த வகை. இறக்கத்தில், பாதை நடுவே மண்ணில் பாதி புதைந்த ஒரு கல். ஜீப் அதை நடுவில் விட்டுத் தாண்டியது, உரசவில்லை. என் வண்டியின் முன்பக்க அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, அந்த ஜீப்பின் டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) கீழே இருந்ததைவிட அதிகம் என்பது எனக்குத் தெரியும். காலையில்தான் டேப் வைத்து அளந்திருந்தேன். அதே தடத்தில் இறங்கினேன். கல்லுக்குச் சற்று முன்னால் ஓர் அரையடிப் படி. அதிலிருந்து முன்சக்கரம் இரண்டும் ஒன்றாக இறங்கியபோது, பயத்தில் பிரேக்கை மிதித்தேன். தரையிலிருந்து என் பாதம் வழியாக ஓர் அதிர்வு ஏறி வந்தது. அடித்தகடு உள்நோக்கி மடிந்து எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் முட்டியிருக்கிறது. அதை இறங்கிப் பார்க்காமல் இன்னும் நூறு மீட்டர் ஓட்டினேன் பாருங்கள், அதற்குத்தான் அந்தத் தொகையில் பாதி.

விஷயம் இவ்வளவுதான். ஒரே துண்டு ஆக்ஸிலில் மிகத் தாழ்ந்த இடம் டிஃபரன்ஷியல் உருண்டை. அது ஆக்ஸிலோடு சேர்ந்தது. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கினாலும் அதற்கும் தரைக்கும் உள்ள தூரம் அநேகமாக மாறாது, டயரின் உயரம்தான் அதைத் தீர்மானிக்கிறது. சக்கரம் கல்லில் ஏறினால் அதுவும் கூடவே ஏறும். இண்டிபென்டன்ட் சஸ்பென்ஷனிலோ முன் டிஃபரன்ஷியல் சேஸியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பொருத்தப்பட்டிருக்கிறது. ஸ்பிரிங் அமுங்கினால் சேஸி இறங்கும். சேஸியோடு டிஃபரன்ஷியல், அடித்தகடு எல்லாம் இறங்கும். பிரேக் பிடித்தால் மூக்கு தாழும். படியிலிருந்து இறங்கினால் தாழும். இரண்டையும் இறக்கத்தில் ஒன்றாகச் செய்தால், கல்லுக்கு மேலே இடைவெளி மிகவும் தேவைப்படும் அந்த நொடியில்தான் அது மிகவும் குறைவாக இருக்கும். தாருக்கு 226 மி.மீ., ஜிம்னிக்கு 210 மி.மீ. என்று விளம்பரத் தாளில் இருப்பவை நிற்கும் வண்டியின் கணக்கு. அந்த 16 மி.மீ. வித்தியாசத்தை நம்பி ஜிம்னியின் தடத்தில் போகாதீர்கள்.

போன மாதம் நடந்ததும் அதே கதைதான். நல்ல பையன், பொறியாளர். கல்லில் உட்கார்ந்த வண்டியிலிருந்து இறங்கி வந்து, "முன்னால் போன ஜிம்னி தொடாமல்தானே போனது, அண்ணா?" என்று என்னிடமே கேட்டான்.

நான் வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு ஓடையோரத்திலிருந்து ஈரக் களிமண் எடுத்து வந்தேன். சமதரையில் ஒரு தட்டைக் கல், அதன்மேல் கொழுக்கட்டை போலப் பிடித்த களிமண். தரையிலிருந்து உச்சிவரை 25 செ.மீ. முதல் தடவை அவன் மட்டும் உட்கார்ந்து, பிரேக்கைத் தொடாமல், நடந்து போகும் வேகத்தில் அதன்மேல் தாண்டினான். முன்பகுதி கடந்ததும் நிறுத்தச் சொல்லி அளந்தோம்: 23 மிஞ்சியிருந்தது. மறுபடி பிடித்துவைத்தோம். இரண்டாம் தடவை நான்கு பேர் ஏறி, ஒரு சிறு மரக்கட்டையிலிருந்து முன்சக்கரங்கள் இறங்கும் கணத்தில் பிரேக் பிடிக்கச் சொன்னேன். களிமண்ணில் அடித்தகட்டின் போல்ட் தலை அச்சுப் பதிந்திருந்தது, உயரம் 16. பையன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான். நீங்களும் உங்கள் வண்டியில் இதைச் செய்து பாருங்கள். செலவு இல்லை. இரண்டாவதாக வரும் எண்தான் உங்கள் வண்டியின் உண்மையான இடைவெளி.

பிறகு என்ன செய்வது? கல்லின்மேல் டயரை ஏற்றுங்கள். கல் டயருக்குக் கீழே இருந்தால் வண்டியின் அந்தப் பக்கமே உயர்கிறது. படி வருவதற்கு முன்பே வேகத்தைக் கொன்றுவிடுங்கள். படியில் இறங்கும்போது முதல் கியரின் பிடிப்பு போதும், கால் பிரேக்கில் அழுந்த வேண்டாம். ஏற்றவே முடியாத கூர்மையான கல் என்றால் இறங்கி, பக்கத்தில் இரண்டு கல்லை அடுக்கித் தடம் போடுங்கள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

முழுக்க ஒடித்த ஸ்டீயரிங்கில் மிதிப்பது

முன் ஆக்ஸிலின் சிவி ஜாயின்ட் (சக்கரம் திரும்பினாலும் விசையைக் கடத்தும் மூட்டு), கோணம் கூடக் கூட பலம் இழக்கும். சக்கரம் தொங்கும்போது ஒரு கோணம், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் இன்னொரு கோணம். இரண்டும் சேர்ந்த நிலையில் சுழலும் சக்கரம் சட்டென்று கல்லைக் கவ்வினால், உடைய வேண்டியது உடையும். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்கிவிட்டுப் பிறகு மிதியுங்கள். திரும்பும்போது 'டக், டக்' என்று கேட்க ஆரம்பித்திருந்தால் இன்றைய சோதனை முடிந்தது.

இரண்டு அங்குலம் ஏற்றிவிட்டுப் பெருமைப்படுவது

ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு ஸ்பேசர் துண்டு வைத்தால் வண்டி உயரும், உண்மைதான். சக்கரம் மேலும் கீழும் போகும் மொத்தத் தூரம் அதனால் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. கூடுவது நான் இப்போது சொன்ன அந்த சிவி ஜாயின்ட்டின் கோணம். அலைன்மென்ட் பார்க்காமல் நெடுஞ்சாலையில் திரும்பினால் டயரும் ஒரு பக்கமாகத் தேயும்.

ஒரே நாளில் இரண்டு மாற்றம்

எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

வழி சொல்ல நான்கு பேர்

ஒருவர் போதும். மற்றவர்கள் படம் எடுக்கட்டும்.

வீடு திரும்பியதும் வண்டியை மறந்துவிடுவது

மறுநாள் காலை ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து நிறுத்திவிட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ஆக்ஸிலின் முனையில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் இருக்கும். ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்துத் தடவுங்கள். சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்பாகக் கிரீஸ் சிதறியிருந்தால் தேட வேண்டியதே இல்லை, பூட் கிழிந்துவிட்டது. அன்றே மாற்றினால் ரப்பருக்கும் கூலிக்கும் மட்டும் காசு. மண் உள்ளே போய் ஒரு வாரம் அரைத்த பிறகு போனால் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பொறியாளர் பையன் மறுநாள் காலை ஏழு மணிக்கே எனக்குப் படம் அனுப்பியிருந்தான். வலது பூட்டில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கிழிசல்.