கணினிப் பயிற்றுநரை வடிவமைப்பதும் மதிப்பிடுவதும்

மாணவர் எழுதும் ஒவ்வொரு படியையும் கவனித்து, அவருக்கு எது பிடிபட்டிருக்கிறது, எது பிடிபடவில்லை என்பதைக் கணித்து, அதற்கேற்ப உதவியையும் அடுத்த கணக்கையும் தேர்ந்தெடுக்கும் மென்பொருளைத்தான் அறிவார்ந்த கணினிப் பயிற்றுநர் என்கிறோம். பாடக் காணொளியைக் காட்டிவிட்டு, முடிவில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் செயலி இந்த வகையில் சேராது. தென் அமெரிக்கப் புவியியலைக் கற்பிப்பதற்காக ஹைமே கார்பொனெல் உருவாக்கி 1970 இல் விவரித்த ‘ஸ்காலர்’ தொடங்கி, இந்தத் துறைக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. ஆகவே புதிதாக ஒன்றை உருவாக்க முனைவோர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. ஓர் ஆசிரியரும் ஒரு நிரலாளரும் சேர்ந்து தொடக்கப்பள்ளிக் கணிதத்துக்கு இப்படியொரு பயிற்றுநரை உருவாக்குவதாக வைத்துக்கொண்டு, கடன் வாங்கிக் கழித்தல் என்ற ஒரே பாடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, செய்ய வேண்டியவற்றை இங்கே விளக்குகிறேன்.

பிழைகளிலிருந்து தொடங்குங்கள்

நிரல் எழுதுவதற்கும் திரையை வரைவதற்கும் முன்னால், மாணவர்களின் கணக்கு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். 503 – 247 என்ற கணக்கின் சரியான விடை 256. ஆனால் ஒரு மாணவர் 344 என்று எழுதியிருப்பார்; இன்னொருவர் 356; மற்றொருவர் 246. மூன்றுமே தவறு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போனால் மூவருக்கும் ஒரே பாடத்தைத் திரும்ப நடத்தத்தான் முடியும். 344 எழுதியவர் ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்: ஏழிலிருந்து மூன்று, நான்கிலிருந்து பூச்சியம், ஐந்திலிருந்து இரண்டு. அவருக்குக் கடன் வாங்குதல் என்ற எண்ணமே இன்னும் வரவில்லை. 356 எழுதியவருக்குக் கடன் வாங்கத் தெரியும். பூச்சியத்தை ஒன்பதாக மாற்றவும் தெரியும். ஆனால் அந்தக் கடன் நூறுகள் இடத்திலிருந்துதான் வந்தது என்பதை மறந்து, ஐந்தை ஐந்தாகவே விட்டுவிட்டார். 246 எழுதியவர் பத்துகள் இடத்திலிருந்த பூச்சியத்தைத் தாண்டி நேராக நூறுகளில் கடன் வாங்கி, அதை ஒன்றுகளில் சேர்த்துவிட்டு, பூச்சியத்திலிருந்து நான்கைக் கழிக்க வேண்டிய இடத்தில் நான்கையே எழுதிவிட்டார்.

இந்த வகைப் பிழைகளைத் தொகுத்து, அவற்றை நிரலுக்குள் விதிகளாகவே எழுதி வைக்கலாம் என்று 1978 இல் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் காட்டினார்கள். ‘பக்கி’ என்ற அவர்களுடைய நிரல், மாணவரின் தவறான விடைகள் பலவற்றை ஒரே தவறான விதியைக் கொண்டு விளக்க முயன்றது. மாணவர் பெரும்பாலும் கவனக்குறைவால் தவறுவதில்லை, ஒரு தவறான முறையை முறையாகப் பின்பற்றுகிறார் என்ற அந்த நோக்கு எனக்கு இந்தத் துறையின் மிக அருமையான கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது. ஆசிரியரின் அனுபவம் மென்பொருளுக்குள் நுழைய வேண்டிய வாசல் இதுதான். நிரலாளர் தனியாக உட்கார்ந்து ஊகிக்கும் பிழைகள் பெரும்பாலும் மாணவர் செய்யும் பிழைகளாக இருப்பதில்லை. நோட்டுகள் போதாதபோது, சில மாணவர்களை அருகில் உட்கார வைத்து, கணக்கைப் போடும்போதே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

திறன்களாகப் பிரித்தல்

பிழைகள் கைக்கு வந்த பிறகு பாடத்தைச் சிறு திறன்களாகப் பிரிக்க வேண்டும். கடன் தேவையா என்று இனங்காணுதல், பக்கத்து இடத்திலிருந்து கடன் வாங்குதல், கடன் கொடுத்த இலக்கத்தை ஒன்று குறைத்தல், பூச்சியத்தைக் கடந்து கடன் வாங்குதல் எனப் பட்டியல் நீளும். இந்தப் பட்டியலை இறுதியானதாக எண்ணிவிடக் கூடாது. மாணவர் மனத்தில் அறிவு இப்படித்தான் பிரிந்திருக்கிறது என்ற உங்கள் ஊகம் அது. பின்னால் வரும் தரவுதான் அதைச் சரியென்றோ தவறென்றோ சொல்லும். இதனால்தான் வடிவமைப்பையும் மதிப்பீட்டையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்து, மென்பொருள் முடிந்த பிறகு மதிப்பீட்டாளரைத் தேடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

கணக்குகளையும் இந்தப் பட்டியலை வைத்தே தேர்ந்தெடுங்கள். 356 எழுதிய மாணவருக்கு 583 – 247 கொடுத்தால் 336 என்று சரியாகவே போடுவார். நடுவில் பூச்சியம் இல்லாததால் அவருடைய தவறான விதி வெளியே வராது. அப்படிப்பட்ட கணக்குகளை எத்தனை கொடுத்தாலும் அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டு தவறான விதிகளுக்கு இரண்டு வேறுபட்ட விடைகளைத் தரும் கணக்கே நல்ல கணக்கு.

படிகளும் குறிப்புகளும்

இறுதி விடையை மட்டும் கேட்கும் திரை வேண்டாம். ஒவ்வோர் இடத்துக்கும் தனிக்கட்டமும், கடன் வாங்கிய பின் மாறும் இலக்கத்தை எழுத மேலே சிறு கட்டமும் கொடுத்தால், மாணவர் தாளில் செய்வதையே திரையிலும் செய்வார். பயிற்றுநருக்கும் ஒவ்வொரு படியும் சான்றாகக் கிடைக்கும். இதன் பயன் சிறிதன்று. கர்ட் வான்லேன் 2011 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விடையை மட்டும் சரிபார்க்கும் மென்பொருள்களின் பயன் ஏறத்தாழ 0.31 திட்ட விலக்கமாகவும் (மாணவர்களின் மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு அது), படிதோறும் சரிபார்ப்பவற்றின் பயன் 0.76 ஆகவும், மனிதப் பயிற்றுநரின் பயன் 0.79 ஆகவும் இருந்தன. 1984 இல் பெஞ்சமின் புளூம் எழுதிய கட்டுரையை வைத்து, தனிப்பயிற்சி இரண்டு திட்ட விலக்கம் அளவுக்கு உயர்த்தும் என்று இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள். அந்த எண்ணை இலக்காக வைத்துக்கொண்டு நிதி கேட்கப் போகாதீர்கள்.

குறிப்புகளைப் படிப்படியாக இறங்கும்படி எழுதுங்கள். முதல் குறிப்பு கவனத்தை உரிய இடத்துக்குத் திருப்ப வேண்டும்: “ஒன்றுகள் இடத்தைப் பாருங்கள், மூன்றிலிருந்து ஏழைக் கழிக்க முடியுமா?” இரண்டாவது, செய்ய வேண்டியதன் காரணத்தைச் சொல்ல வேண்டும்: “பத்துகள் இடத்தில் கொடுக்க ஒன்றும் இல்லை, அதனால் அது முதலில் நூறுகளிடம் கடன் வாங்க வேண்டும்.” கடைசிக் குறிப்பு மட்டுமே என்ன எழுத வேண்டும் என்பதை அப்படியே சொல்லலாம். நீங்கள் தொகுத்து வைத்த பிழை விதி ஒன்றின்படி மாணவர் தவறியிருந்தால், பொதுக் குறிப்புக்குப் பதிலாக அந்தப் பிழைக்கென்று எழுதிய குறிப்பைக் காட்டுங்கள். மொழி வகுப்பறை மொழியாக இருக்கட்டும்: ‘கடன் வாங்குதல்’ என்று ஆசிரியர் சொல்லிப் பழகிய இடத்தில் மென்பொருள் புதுச்சொல் கற்பிக்கத் தேவையில்லை.

குறிப்புப் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தி, கடைசிக் குறிப்பில் விடையைப் பார்த்து நகல் எடுக்கும் மாணவர்கள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். ரையன் பேக்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004 இல் இந்த நடத்தையை ஆராய்ந்து, அப்படிச் செய்யும் மாணவர்கள் குறைவாகவே கற்கிறார்கள் என்று காட்டினார்கள். குறிப்புகளுக்கிடையே சில நொடி இடைவெளி வைப்பதும், கடைசிக் குறிப்பைப் பார்த்த படியைத் ‘தெரிந்தது’ எனக் கணக்கிடாமல் விடுவதும் எளிய தடுப்புகள். அழுத்தல்களையெல்லாம் நேரத்தோடு பதிவு செய்யுங்கள்; பின்னால் வேண்டும்.

மாணவரின் நிலையைக் கணித்தல்

ஒரு திறன் மாணவருக்கு வந்துவிட்டதா என்று கணிக்க, ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் 1995 இல் விவரித்த நிகழ்தகவு முறை இன்றும் நல்ல தொடக்கம். ஒவ்வொரு திறனுக்கும் நான்கு எண்கள் போதும்: தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒரு முறை செய்து பார்க்கும்போது கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரியாமலேயே ஊகித்துச் சரியாகப் போடும் வாய்ப்பு, தெரிந்தும் தவறிவிடும் வாய்ப்பு. அவை முறையே 0.3, 0.1, 0.2, 0.1 என்று கொள்வோம். மாணவர் முதல் முறை சரியாகச் செய்தால், தெரிந்து சரியாகச் செய்ததன் பங்கு 0.3 × 0.9 = 0.27, தெரியாமல் ஊகித்ததன் பங்கு 0.7 × 0.2 = 0.14. ஆகவே அவருக்குத் தெரிந்திருக்கும் வாய்ப்பு 0.27 ÷ 0.41, அதாவது ஏறத்தாழ 0.66. அப்படிச் செய்யும்போதே கற்றிருக்கக்கூடியதையும் சேர்த்தால் 0.69. இரண்டாவது முறையும் சரியென்றால் 0.92, மூன்றாவதற்குப் பின் 0.98. வழக்கமான எல்லையான 0.95 ஐத் தாண்டிவிட்டதால் அடுத்த திறனுக்குப் போகலாம். முதல் விடை தவறாக இருந்திருந்தால் மதிப்பு 0.15 ஆக இறங்கியிருக்கும்.

இந்தக் கணக்கைத் தாளிலேயே போட்டுப் பார்த்துவிட முடியும் என்பது அதன் பெரிய நன்மை. “என் மாணவிக்கு ஏன் இன்னும் இதே பாடம் வருகிறது?” என்று ஆசிரியர் கேட்டால் விளக்கிச் சொல்ல முடிய வேண்டும். நரம்பியல் வலையமைப்புகளைக் கொண்ட புதிய முறைகள் கணிப்பில் சற்று முந்தலாம். ஆனால் தொடக்கத்தில் அந்தச் சிறு இலாபத்துக்காக விளக்கத்தை இழக்க வேண்டாம்.

மதிப்பீடு

முதல் மதிப்பீட்டுக்குக் கட்டுப்பாட்டுக் குழுவே, அதாவது மென்பொருளைப் பயன்படுத்தாத ஒப்பீட்டுக் குழுவே, தேவையில்லை. ஒரு வகுப்பு சில வாரங்கள் பயன்படுத்திய பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு திறனுக்கும் கிடைமட்ட அச்சில் அந்தத் திறன் தேவைப்படும் எத்தனையாவது படி என்பதையும், செங்குத்து அச்சில் முதல் முயற்சியில் தவறியவர்களின் விகிதத்தையும் குறித்து வரைபடம் போடுங்கள். உங்கள் திறன் பட்டியல் சரியென்றால் கோடு இறங்கும். ‘கடன் வாங்குதல்’ என்று ஒரே திறனாக வைத்திருந்தால், கோடு இறங்கிக்கொண்டே வந்து, நடுவில் பூச்சியமுள்ள கணக்கு வந்த இடத்தில் திடீரென்று மேலே குதிக்கும். அங்கே இரண்டு திறன்கள் ஒளிந்திருக்கின்றன. பிரித்து மறுபடி வரையுங்கள். ஓர் எச்சரிக்கை: திறனைப் பெற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவதால், வலது ஓரத்தில் தடுமாறுபவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். கோடு அங்கே இறங்காமல் நிற்பதைப் பார்த்து யாரும் கற்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்தது, மென்பொருள் இல்லாதபோது மாணவர் என்ன செய்கிறார் என்ற கேள்வி. முன்தேர்வையும் பின்தேர்வையும் தாளில், குறிப்புகள் இல்லாமல், மென்பொருளில் வராத கணக்குகளைக் கொண்டு நடத்துங்கள்; வேறு ஒருவர் வினாத்தாள் தயாரித்தால் இன்னும் நல்லது. சில வாரங்கள் கழித்து ஒரு தேர்வும் வேண்டும். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும். ஆர்வமுள்ளவர்களை மென்பொருளுக்கும் மற்றவர்களை ஒப்பீட்டுக்கும் வைத்தால், அளப்பது ஆர்வத்தைத்தான்.

தில்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிப் பயிற்சி மென்பொருளை வைத்து கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியான் ஆகியோர் நடத்தி 2019 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. 619 மாணவர்கள், பயிற்சி மையத்தில் இலவச இடம் யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது, சுமார் நாலரை மாதத்தில் இடம் பெற்றவர்கள் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் கூடுதலாக முன்னேறினர். அந்த ஆய்வில் ஆறாம் வகுப்பு மாணவர் சராசரியாகக் கணிதத்தில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். தேர்வில் ஆறாம் வகுப்புக் கேள்விகள் மட்டும் இருந்திருந்தால், கீழ்வகுப்புத் திறன்களில் ஏற்பட்ட முன்னேற்றம் கண்ணுக்கே தெரிந்திருக்காது. உங்கள் வினாத்தாளிலும் மாணவர் உண்மையில் நிற்கும் மட்டத்துக் கேள்விகள் இருக்க வேண்டும். அந்த மையங்களில் மென்பொருளோடு சிறு குழுப் பாடமும் நடந்ததால், பயன் எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

எத்தனை மாணவர்கள் தேவை என்பதைத் தொடங்கும் முன்பே கணக்கிடுங்கள். 0.2 திட்ட விலக்கம் அளவுள்ள பயனை 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டறிய, தனித்தனி மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தால், குழுவுக்கு ஏறத்தாழ 400 பேர் வேண்டும். முன்தேர்வு மதிப்பெண்ணுக்கும் பின்தேர்வு மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் அளவு) 0.7 இருந்து, அதைக் கணக்கில் கொண்டால் ஏறத்தாழ பாதி போதும். முழு வகுப்புகளையோ பள்ளிகளையோ குலுக்கினால் எண்ணிக்கை கணிசமாகக் கூடும். இரண்டு வகுப்புகளை ஒப்பிட்டுவிட்டுப் பயன் இல்லை என்றோ இருக்கிறது என்றோ அறிவிப்பது மாணவர்களின் நேரத்துக்குச் செய்யும் அநீதி.

காலத்தையும் போதுமான அளவு ஒதுக்குங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வுகளிலிருந்து வளர்ந்த இயற்கணிதப் பயிற்றுநரை, அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் 147 பள்ளிகளில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் சோதித்து 2014 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, முதல் ஆண்டில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. இரண்டாம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 0.20 திட்ட விலக்கம் முன்னேற்றம் தெரிந்தது. முதல் ஆண்டோடு நிறுத்தியிருந்தால் தோல்வி என்று எழுதி மூடியிருப்பார்கள்.

உரையாடும் மொழி மாதிரிகள்

இப்போது பலரும் கேட்பது, இத்தனை உழைப்பு எதற்கு, கேட்டதற்கெல்லாம் எழுத்தில் பதில் தரும் செயற்கை அறிவு நிரலான பெரிய மொழி மாதிரியொன்றிடம் மாணவரைப் பேச விட்டால் போதாதா என்பது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த சோதனை இதற்குப் பதில் தருகிறது. ஜிபிடி-4 என்ற மொழி மாதிரியை அப்படியே பயன்படுத்திய மாணவர்கள் கணிதப் பயிற்சியின்போது 48 விழுக்காடு கூடுதல் மதிப்பெண் பெற்றனர். ஆனால் அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொட்டே பார்க்காதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றனர். சரியான விடையையும், மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளையும், ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளையும் முன்கூட்டியே கொடுத்து, விடையைச் சொல்லாதே என்று கட்டுப்படுத்திய மற்றொரு வடிவத்தில் பயிற்சி மதிப்பெண் 127 விழுக்காடு உயர்ந்தது. தேர்வில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஆனால் தேர்வில் முன்னேற்றமும் இல்லை.

எனவே மொழி மாதிரியைப் பயன்படுத்துவதானால், குறிப்பின் சொற்களை மாணவருக்கேற்ப மாற்றிச் சொல்லும் வேலையை அதனிடம் கொடுங்கள். படி சரியா தவறா என்று தீர்ப்பதையும், அடுத்த கணக்கைத் தேர்வதையும் சரிபார்க்கத்தக்க விதிகளிடமே வையுங்கள். அது தமிழில் தரும் குறிப்புகளில் ஒரு பகுதியை வாரந்தோறும் ஓர் ஆசிரியர் படித்து, கணிதம் சரியா, விடை வெளியே வந்துவிட்டதா, அந்த வகுப்புப் பிள்ளைக்குப் புரியுமா என்று மூன்றையும் தனித்தனியே குறித்து வரட்டும். இரண்டு ஆசிரியர்கள் ஒரே குறிப்புகளைத் தனித்தனியே மதிப்பிட்டு, எங்கே முரண்படுகிறார்கள் என்று பார்த்தால், மதிப்பிடும் அளவுகோலையே திருத்த வேண்டிய இடங்களும் அப்போது தெரியவரும்.