எச்சரிக்கை எழுகிறது, பலன் இருக்கிறதா? அளந்து பார்க்கும் முறை

மின்னணு மருத்துவப் பதிவில் மருந்து எழுதும்போது திரையில் எழும் எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று 2006-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணக்குச் சொன்னது. டாக்டர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் கோளாறு எச்சரிக்கையில்தான். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதுவதை எடுத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் சில நாளிலேயே ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) ஏறும், ரத்தக்கசிவு அபாயம் கூடும். எச்சரிக்க வேண்டிய இடம்தான். எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் எச்சரிக்கையை எழுப்பும் விதியைத் திரையில் காட்டாமல் இரண்டு முதல் நான்கு வாரம் பின்னணியில் ஓட விடுங்கள். எந்த நோயாளிக்கு, எந்த ஆர்டருக்கு எழுந்திருக்கும் என்பது மட்டும் பதிவாகட்டும். அதில் ஐம்பதைக் குலுக்கி எடுத்து, ஒரு மருந்தாளுநரும் ஒரு டாக்டரும் தனித்தனியே கேஸ் ஷீட்டோடு ஒப்பிடட்டும். பாதிக்கு மேல் “இங்கே தேவையில்லை” என்று வந்தால் விதியை வெளியே விடாதீர்கள். காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை: மூன்று மாதம் முன்பு நிறுத்திய வார்ஃபரின் இன்னும் பட்டியலில் நிற்கும், டோஸை மட்டும் மாற்றினாலும் புது ஆர்டர் என்று எண்ணி மறுபடி எழும், தினமும் ஐ.என்.ஆர். பார்க்கப்படும் நோயாளிக்கும் எழும்.

அடுத்து வாசகம். “மருந்து இடைவினை உள்ளது, கவனம்” என்றால் யாரும் படிக்க மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: “வார்ஃபரின் எடுப்பவர். கடைசி ஐ.என்.ஆர். 2.6, நான்கு நாள் முன். வேறு ஆன்டிபயாடிக் பார்க்கவும். தவிர்க்க முடியாவிட்டால் 3 நாளில் ஐ.என்.ஆர்.” கீழே ஆர்டரை ரத்து செய்ய ஒரு பொத்தான், ஐ.என்.ஆர். ஆர்டர் போட ஒன்று. மீறுவதற்கான காரணம் மூன்று நான்கு தேர்வுகளுக்குள் அடங்கட்டும். தட்டச்சு செய்யச் சொன்னால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். 70 சோதனைகளை அலசிய 2005-ஆம் ஆண்டு ஆய்வும் இதையே காட்டியது: தானாக, முடிவெடுக்கும் நேரத்தில், என்ன செய்யலாம் என்றும் சொல்லும் கருவிகளே அதிகம் பலித்தன.

மீறவே முடியாதபடி பூட்டிவிடலாமே என்று தோன்றும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இதே இரண்டு மருந்துகளுக்கு ஏறத்தாழ அதையே செய்து பார்த்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். எச்சரிக்கை வந்த 10 நிமிடத்துக்குள் அந்த மருந்தை மறுபடி எழுதாமல் விட்டவை 57.2 சதவீதம், பூட்டு இல்லாத பக்கம் 13.5 மட்டுமே. ஆனாலும் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று, நாலு நோயாளிகளுக்குத் தேவையான சிகிச்சை தாமதமானதால். எனவே பூட்டு போடுவதென்றால், எந்நேரமும் கூப்பிட்டு உடனே திறக்கச் சொல்ல ஒரு மருந்தாளுநர் இருக்க வேண்டும். இல்லையென்றால் பூட்டு வேண்டாம்.

அளவீட்டில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்: ஏற்பு சதவீதத்தை மட்டும் பார்ப்பது. எச்சரிக்கையை மீறிவிட்டு மூன்றாம் நாள் ஐ.என்.ஆர். எடுத்த டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார். உங்கள் கணக்கில் அவர் தோல்வி. ஆகவே இரண்டு எண்கள் எடுங்கள்: 10 நிமிடத்தில் ஆர்டர் கைவிடப்பட்டவை, மீதியில் ஐந்து நாளுக்குள் ஐ.என்.ஆர். பார்க்கப்பட்டவை. சில வார்டுகளில் எச்சரிக்கையைக் காட்டியும் மற்றவற்றில் காட்டாமலும் இரண்டையும் ஒப்பிடுங்கள். பெரிய பாய்ச்சலை எதிர்பார்க்காதீர்கள்: 2020-இல் வந்த தொகுப்பாய்வில் இத்தகைய கருவிகளால், வேண்டிய சிகிச்சை கிடைத்த நோயாளிகளின் விகிதத்தில் ஏற்பட்ட சராசரி முன்னேற்றம் 5.8 சதவீதப் புள்ளிதான்.

வெளியிட்ட பிறகும் விட்டுவிடாதீர்கள். பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில், அமியோடரோன் என்ற இதயத்துடிப்பு மருந்தை எடுப்பவர்களுக்குத் தைராய்டு பரிசோதனையை நினைவூட்டும் எச்சரிக்கை சத்தமில்லாமல் செத்துப்போனது. அமியோடரோனின் உள் குறியீட்டு எண்ணை வேறொரு மென்பொருளில் மாற்றியிருந்தார்கள். விதியோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருந்தது. பழைய நோயாளிகளின் பட்டியலில் பழைய எண்ணே இருந்ததால் எச்சரிக்கை ஒரே நாளில் நிற்காமல் மெல்ல மெல்லக் குறைந்தது, அதனால் நெடுநாள் யார் கண்ணிலும் படவில்லை. வராத எச்சரிக்கையைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லை. ஒவ்வொரு விதிக்கும் வார எண்ணிக்கையை வரைபடமாக்குங்கள். போன வாரத்தோடு மட்டுமல்ல, ஆறு மாதம் முந்தைய அளவோடும் ஒப்பிடுங்கள். மருந்துப் பட்டியலோ மென்பொருளோ புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும், ஒரு சோதனை நோயாளிக்கு வார்ஃபரினைப் புதிதாகச் சேர்த்து, கோ-டிரைமாக்சசோல் எழுதி, எச்சரிக்கை எழுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.