ஒரே வார்த்தை, ஊருக்கு ஊர் வேறு சூடு

வெளிநாட்டு ஆங்கிலம் பேசுபவர்களோடு வேலை செய்கிறீர்களா? தொடர்களில் கேட்ட கெட்ட வார்த்தைகளை அப்படியே எடுத்து விடாதீர்கள். ஒரு நாட்டில் சிரிப்பு, இன்னொன்றில் சண்டை.

2006-இல் ஆஸ்திரேலிய சுற்றுலாத் துறை "எங்கேதான் தொலைஞ்சு போனீங்க?" என்ற தொனியில் ஒரு விளம்பரம் எடுத்தது. அதில் வந்த 'பிளடி' அவர்களுக்குச் சாதாரணப் பேச்சு. பிரிட்டன் தொலைக்காட்சியிலோ முதலில் தடை விழுந்தது, அப்புறம்தான் விலக்கினார்கள். அமெரிக்கர்களுக்கு அது வசவாகவே உறைக்காது. ஆனால் நம் ஊரில் ஒருவரைப் பார்த்து 'பிளடி' என்றால் கை நீளும்!

இதைவிட வம்பு 'ஃபேனி'. அமெரிக்காவில் பின்புறத்தைச் சொல்லும் மென்மையான சொல். இடுப்பில் கட்டும் பைக்கே அங்கே 'ஃபேனி பேக்' என்றுதான் பெயர். பிரிட்டனில் அது பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சை. அங்கே கடையில் 'பம் பேக்' என்று கேளுங்கள்.

விரலும் வசவுதான். புறங்கையைக் காட்டி இரண்டு விரலை நீட்டுவது பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அசிங்கம். 1992-இல் கான்பெராவில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷே (அப்பா புஷ்) காரிலிருந்து இப்படிக் காட்டிவிட்டார்.

சரி, என்ன செய்வது? கேம்பிரிட்ஜ் அல்லது ஆக்ஸ்ஃபோர்ட் இணைய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடுங்கள். பொருளுக்கு முன்னால் எந்த நாட்டு வழக்கு, புண்படுத்துமா என்று சின்னக் குறிப்பு இருக்கும். நண்பர் உங்களைச் செல்லமாகத் திட்டினாலும், முதல் சில மாதங்கள் சிரித்துவிட்டுச் சும்மா இருங்கள்.