பூனை மண் டப்பாவில் போகாமல் வெளியே சிறுநீர் கழித்தால் என்ன செய்வது: முதல்முறை பூனை வளர்ப்பவர்களுக்கு

எங்கள் சுண்டுவுக்கு மூன்று வயது. கடுவன், கருத்தடை ஆபரேஷன் செய்தாயிற்று. குட்டியாக வந்த நாளிலிருந்து சிறுநீர், மலம் இரண்டுக்கும் மண் நிரப்பிய டப்பாவில்தான் போவான். போன வருஷம் ஒரு நாள் காலையில் பாத்ரூம் மிதியடி ஈரமாக இருந்தது. மறுநாள் மடித்து வைத்த துணிகள். மூன்றாம் நாள் என் தலையணை. "ஊருக்குப் போய்விட்டு வந்தீர்கள் இல்லையா, பழிவாங்குகிறான்" என்றார் பக்கத்து வீட்டம்மா. பூனைக்கு அப்படியொரு கணக்கே கிடையாது. வலி, டப்பா, இடம், பயம்: இந்த நான்கில் எங்கேயாவது காரணம் இருக்கும். அதைத் தேடும் வரிசையைத்தான் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். எது பிடிக்கவில்லை என்பது தெரியாமலே போய்விடும்.

முதல் படி: உடம்பு

இதைத் தாண்டி வேறெதற்கும் போகாதீர்கள். பூனை அடிக்கடி டப்பாவுக்குள் போய் உட்கார்ந்து முக்குகிறதா? சொட்டு சொட்டாக வருகிறதா, அல்லது ஒன்றுமே வரவில்லையா? கத்துகிறதா, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கிறதா? கடுவன் பூனையாக இருந்தால் அந்த நிமிஷமே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், நடுராத்திரியானாலும் சரி. கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகலானது. படிகமோ சளியோ அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் முக்கும் தோற்றம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடவே கூடாது. அது பூனைக்கு விஷம்.

சிறுநீரில் ரத்தம், வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, இரண்டுக்கும் பரிசோதனை தேவை. வயதான பூனைக்கு மூட்டு வலி இருந்தால் உயரமான விளிம்பைத் தாண்ட முடியாமல் வெளியே போகும். அதற்கு ஒரு பக்கம் தாழ்வாக வெட்டிய டப்பா போதும்.

இரண்டாவது: போகிறதா, தெளிக்கிறதா?

தரையில் குந்தி உட்கார்ந்து குளமாக விட்டால் அது சிறுநீர் கழிப்பது. நின்றபடி வாலைத் தூக்கி, வால் நடுங்க, சுவரிலோ கதவிலோ பீச்சினால் அது எல்லை குறிப்பது. ஆபரேஷன் செய்யாத கடுவன்களிடம் இது சகஜம். கருத்தடை செய்தால் பெரும்பாலானவற்றுக்கு நின்றுவிடும். ஜன்னலில் தெருப்பூனை வந்து நின்றாலும் இப்படிச் செய்யலாம். அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துப் பாருங்கள்.

மூன்றாவது: பழைய வாடை

நம் வீடுகளில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். ஈரத்தைப் பார்த்ததும் கை பினாயிலுக்குப் போகும். கறுப்புப் பினாயில் போன்றவற்றில் உள்ள ஃபீனால் வகை ரசாயனங்களைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், சிறுநீரில் உள்ள அமோனியாவோடு சேர்ந்தால் கெட்ட வாயு வரும்.

வெறும் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் நம் மூக்குக்குத்தான் வாடை போகும். பூனை சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் சுலபமாகக் கரையாது. அதனால்தான் மழை நாளில் காய்ந்த இடம் மறுபடி நாறும், பூனையும் அங்கேயே போகும். செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும், வாடைக்குக் காரணமானதையே சிதைக்கும் என்சைம் கிளீனர் வாங்குங்கள். பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சிறுநீர் ஊறிய ஆழம் வரை கிளீனரும் ஊறும்படி ஊற்றுங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை விட்டு, தானாகக் காய விடுங்கள்.

நான்காவது: டப்பாவும் மண்ணும்

மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் பாருங்கள். 45 செ.மீ. பூனைக்கு ஏறக்குறைய 68 செ.மீ. பூனை டப்பா என்று விற்பதில் பல இதற்குச் சின்னவை. போர்வை போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியே எங்கள் வீட்டில் டப்பா. மூடி வேண்டாம், உள்ளே வாடை அடைந்துவிடும்.

டப்பாவில் போட, கடையில் 'கேட் லிட்டர்' என்று விற்கும் மண்ணை வாங்குங்கள். அது வாசனை சேர்க்காததாக, பொடியாக, ஈரம் பட்டால் கட்டி பிடிப்பதாக இருக்கட்டும். வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியா, வட ஆப்பிரிக்கா பக்கத்துக் காட்டுப்பூனை. பொடி மண்ணில் தோண்டிப் பழகிய இனம். 5 முதல் 7 செ.மீ. ஆழம் போதும். சின்னக் குட்டிகள் மண்ணைத் தின்றுபார்க்கும் என்பதால் அவற்றுக்குக் கட்டி பிடிக்காத வகை.

பூனை டப்பாவுக்குள் போவதைச் சத்தமில்லாமல் கவனியுங்கள். சுண்டு நான்கு காலையும் விளிம்பில் வைத்து, கம்பி மேல் நிற்பதுபோல நின்றான். மண்ணைத் தொடவே இல்லை. பிறகு ஒரு பாதத்தை உதறிவிட்டு இறங்கி ஓடினான். தள்ளுபடியில் வந்ததென்று நான் வாங்கிய லாவண்டர் மண் அது. நமக்கு நறுமணமாக இருப்பது அவனுக்கு மூக்கைக் குத்தியிருக்கிறது.

ஒரு பூனைக்கு இரண்டு டப்பா, இரண்டு பூனைக்கு மூன்று. காலை மாலை அள்ளுங்கள், வாரம் ஒருமுறை சாதா சோப்பால் கழுவுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. மலத்தில் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால் அன்றாடம் அள்ளுவது எல்லோருக்கும் பாதுகாப்பு.

ஐந்தாவது: இடம்

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வாஷிங் மெஷின் பக்கத்திலும் வேண்டாம். மூலையில் முடக்காமல், பூனை நாலாபுறமும் பார்க்கும்படி அமைதியான இடம் வேண்டும். தீபாவளி வெடிச் சத்தத்தின்போது ஒளிந்திருக்கும் அறையிலேயே ஒரு டப்பா வையுங்கள்.

ஆறாவது: திரும்பப் பழக்குவது

ஒரு சின்ன அறையில் படுக்கை, தண்ணீர், சாப்பாடு, தள்ளி டப்பா என்று வைத்து, அங்கே சில நாள் ஒழுங்காகப் போன பிறகு வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். அடிக்காதீர்கள், மூக்கை அதில் தேய்க்காதீர்கள். பயந்த பூனை உங்கள் கண்ணில் படாத இடமாகத் தேடிப் போகும், அவ்வளவுதான். டப்பாவில் போய்விட்டு வந்ததும் பிடித்த தின்பண்டம் ஒன்று கொடுங்கள்.

சுண்டுவுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் விடியற்காலை, பக்கத்து அறையில் மண்ணைப் பரபரவென்று தோண்டி மூடும் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். பாத்ரூம் மிதியடியை மட்டும் இன்னும் ஒரு மாதம் கழித்தே திரும்பப் போட்டேன்.