கத்தினால் விளங்காது: காது மெசின் போட்டவரோடு கதைக்கையில் விடும் பிழைகள்

"மகன் கதைச்சா விளங்குது, பேத்தி கதைச்சா விளங்குதில்லை." காது மெசின் போட்டவர் இப்படிச் சொன்னால் மெசின் பழுது என்று நினைக்கிறோம். அநேகமாக இல்லை.

வயதாலோ வெடிச்சத்தத்தாலோ கேள்வி குறையும்போது பெரும்பாலும் முதலில் போவது உச்சச் சுருதி ஒலிகள். ஆண் குரலின் சுருதி ஏறத்தாழ 100 முதல் 125 ஹேர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு), பெண்ணுடையது 200 அளவில், சிறுபிள்ளையுடையது 300ஐ ஒட்டி. இவை காதுக்கு எட்டும். எட்டாதது 'ச'வின் சீறல். அது 4000க்கு மேலே, பெண்கள் பிள்ளைகள் வாயில் இன்னும் மேலே. பல மெசின்கள் 6000க்கு அப்பால் போதியளவு பெருக்கித் தருவதில்லை. அதனால்தான் 'காசு' என்றது 'காது' என்று விழுகிறது.

இதற்குக் கத்துவது மருந்தல்ல. கத்தினால் சுருதி ஏறும், உயிரெழுத்துகளின் சத்தம் கூடும், மெய்யெழுத்துகளின் சத்தம் அந்த அளவுக்குக் கூடாது. சுருதி 400ஐத் தாண்டினால் 'இ'யும் 'எ'யும்கூடக் குழம்பும். போதாததற்கு, பெரிய சத்தம் வந்ததும் மெசின் தானே அதை அமுக்கிவிடும். குசுகுசுப்பதும் உதவாது, அதில் சுருதியே இல்லை. வழமையான குரலில், சற்று ஆறுதலாக, ஒரு மீற்றருக்குள் முகம் தெரிய நின்று கதையுங்கள். வெளியில் இரண்டு மீற்றரிலிருந்து ஒன்றுக்கு வந்தாலே சத்தம் 6 டெசிபல் கூடும்.

நம் மொழிக்கே உரிய பிழை ஒன்றுண்டு. தமிழில் வினை கடைசியில் வரும். அங்கேதான் குரலும் இறங்கும். "மருந்து குடிச்சனான்", "மருந்து குடிக்கேல்லை" இரண்டிலும் காதில் விழுவது 'மருந்து' மட்டும் என்றால் என்ன செய்வது? வாக்கிய முடிவில் குரலை விழவிடாதீர்கள். விளங்காவிட்டால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு விதமாகச் சொல்லுங்கள்.

லான்ட்மாஸ்ரர் (இருசக்கர உழவு இயந்திரம்) ஓடும்போதும் தகரக் கூரையில் மழை கொட்டும்போதும் கதையை நிறுத்துங்கள். அந்த இரைச்சலை எந்தச் சுருதியும் வெல்லாது. இருவர் ஒரே நேரத்தில் கதைப்பதும் வேண்டாம், ஒத்த சுருதிக் குரல்கள் பிரிபடா.

திடீரென்று எல்லாக் குரலும் மங்கினால் முதலில் மெசினின் குழாயில் குறும்பியோ வேர்வையோ அடைத்திருக்கிறதா பாருங்கள், பிறகு பற்றரி.

மெசினைச் சரிசெய்யப் போகும்போது மகன் மட்டும் போகவேண்டாம். பேத்தியையும் கூட்டிச் செல்லுங்கள். அங்கே அவள் கதைத்து, விளங்குகிறதா என்று பார்த்த பிறகே எழும்புங்கள்.